அன்றைக்கு விழுந்த எண்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் போடியின் மலையடிவாரத்தில், முந்தல் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, ஏலத்தோட்ட ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்ளே நெருக்கியடித்துப் பெண்கள், பின்னால் தொங்கிக்கொண்டு இரண்டு ஆண்கள். கைவிரல் எல்லாம் ஏலச்செடியின் கறை. மடியில் அந்த வாரக் கூலி. அந்தக் கூலி வீடு போய்ச் சேர்வதற்குள் வழியில் எத்தனை கை நீளும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். டீக்கடைப் பாக்கி, வாரவட்டிக்காரர், டாஸ்மாக். இந்தக் கைகள் எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரியாத கை ஒன்று உண்டு. வெள்ளைத்தாள் துண்டில் மூன்று எண்ணை எழுதிக் கொடுக்கிற கை.

எங்கள் மாமா ஒருவர் அந்தக் கையைப் பல வருடம் தேடிப் போனவர். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "பேரு மட்டும் போடாத மாப்ள, மத்தத எல்லாம் எழுது. நாலு பேரு படிச்சா நல்லதுதான" என்றார். அதனால் அவர் இங்கே மாமா மட்டும்தான்.

மூணு நம்பர் லாட்டரி எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேரள அரசு லாட்டரியின் குலுக்கல் திருவனந்தபுரத்தில் பிற்பகல் 3 மணிக்கு நடக்கிறது. முதல் பரிசு விழுந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கம் என்ன என்பதுதான் பந்தயம். இதற்கு டிக்கெட் கிடையாது. அரசு முத்திரை கிடையாது. ஒரு துண்டுத்தாள், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு வரி. விழுந்தால் எழுதியவன் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்காமல் ஊரைவிட்டுப் போனால் யாரிடமும் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் 1968இல் அரசே பரிசுச்சீட்டு நடத்தியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கம் எங்கள் தாத்தா தலைமுறைக்கு மனப்பாடம். 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளையும் அரசு தடை செய்தது. ஆனால் எங்கள் ஊருக்கு மேற்கே மலை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், அங்கே 1967 முதல் அரசு லாட்டரி. பூப்பாறையில் கடை வைத்துச் சட்டப்படி விற்கிற சீட்டு, மெட்டைத் தாண்டிக் கீழே இறங்கியதும் குற்றம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் தினமும் கடக்கிற கோடு இது.

மாமா எண் தேடுவதைப் பார்க்க வேண்டும். தோட்டத்து ஜீப்பின் பதிவு எண். கரண்ட் பில்லின் கடைசி மூன்று எண். கனவில் யானை வந்தால் ஒன்று, செத்துப்போன அப்பத்தா வந்தால் இன்னொன்று. ஒரு நாள் அத்தை கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த ரசீதின் எண்ணையே கட்டினார். அத்தை அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, இந்த மூணு நம்பர் கடனால், மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தி டிவியில் ஓடிய இரவு மாமா வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மாமா மெல்ல மெல்ல நிறுத்தியது அதற்குப் பிறகுதான். ஒரே நாளில் நிற்கவில்லை. நின்றது என்று சொல்லவே இரண்டு வருடம் ஆனது.

இதெல்லாம் மனதில் கிடக்கும்போதுதான் ஷில்லாங்கிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். அவன் விமானப்படையில் இருக்கிறான். "அண்ணே, இங்க அம்பு விட்டு லாட்டரி நடத்துறாய்ங்க. கவர்மெண்டே லைசென்ஸ் குடுத்துருக்கு. வந்து ஒருதரம் பாருங்க" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வில்லுக்கும் லாட்டரிக்கும் என்ன சம்பந்தம்? அறுவடைச் சுற்று முடிந்து கையில் வேலை குறைந்த நேரம். கிளம்பிவிட்டேன்.

குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மலை ஏற ஏற எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான். அதே மூடுபனி, அதே ஈர வாசனை, ரோட்டோரம் வெற்றிலையும் பாக்கும் விற்கிற பெண்கள். அந்த மலையின் காசி பழங்குடி மக்களுக்குப் பாக்கு இல்லாமல் பேச்சே இல்லை. நம்ம ஊர்க் கிழவிகளைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தால் பாஷை தெரியாமலே ஒட்டிக்கொள்வார்கள்.

ஊர் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிக்கடைகள். கடை முகப்பில் கரும்பலகை, அதில் சாக்பீஸில் இரண்டு எண். நேற்றைய முதல் சுற்று, இரண்டாம் சுற்று. இந்த ஆட்டத்துக்குப் பெயர் தீர். தீர் என்றால் இந்தியில் அம்பு. ஞாயிற்றுக்கிழமை தவிர வாரம் ஆறு நாளும் பிற்பகலில் போலோ மைதானம் பக்கம் நடக்கிறது. காசி மலையின் 12 வில் சங்கங்கள் சேர்ந்த அமைப்பு இதை நடத்துகிறது. முன்பு இது மறைவாக நடந்தது. 1982இல் மேகாலய அரசு பந்தய வரிச் சட்டத்துக்குள் கொண்டுவந்து அனுமதித்தது. அதிலிருந்து தீர் அரசுக்கு வரி கட்டுகிற ஆட்டம்.

மைதானத்துக்கு மூன்று மணிக்கே போய்விட்டோம். வில்லாளிகள் வட்டத்தில் ஒரு துண்டுபோல வளைந்து, குத்தவைத்து உட்கார்ந்தார்கள். எல்லாம் மூங்கில் வில். நடுவே கம்பத்தில் குத்திய இலக்கு, புல்லை இறுக்கிக் கட்டிய உருளை மாதிரி, ஒரு சின்னப் பிள்ளையின் உடம்பளவு. சைகை கிடைத்ததும் ஆரம்பித்தார்கள். நான் ஒலிம்பிக் வில்வித்தையை டிவியில் பார்த்தவன். 70 மீட்டர் தூரத்தில் இலக்கு, ஒருவர் எய்து முடித்ததும் அடுத்தவர், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இது அப்படி இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் எய்தார்கள். மழைக்காலத்தில் தகரக் கொட்டகை மேல் முதல் தூற்றல் விழுமே, அந்தச் சத்தம். சில நிமிடத்தில் இலக்கு தெரியவில்லை, முள்ளம்பன்றி மாதிரி அம்பு மட்டும்தான் தெரிந்தது. குறி தப்பியவை பின்னால் கட்டிய படுதாவில் பட்டுக் கீழே விழுந்தன.

பிறகுதான் நான் மறக்க முடியாத காட்சி. கூட்டம் நெருங்கி வந்தது. இலக்கில் தைத்த அம்புகளை உருவி, பத்துப் பத்தாகப் பிரித்து, எல்லோர் கண்முன்னாலும் எண்ணினார்கள். யாரும் கத்தவில்லை. கிழவர்கள், டாக்சி டிரைவர்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பையன், எல்லோர் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது. மொத்த எண்ணிக்கையில் கடைசி இரண்டு இலக்கம்தான் அன்றைய எண். 786 அம்பு தைத்தால் எண் 86. 703 தைத்தால் 03. எண் அறிவித்த அடுத்த நொடி பத்துப் பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஊரில் கரும்பலகை எல்லாம் மாறியிருக்கும்.

ராத்திரி விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிறவனுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. 00 முதல் 99 வரை நூறு எண். முதல் சுற்றில் ஒரு ரூபாய் கட்டி விழுந்தால் 80 ரூபாய் என்பது அங்கே வழக்கமான விகிதம். நூறு பேர் நூறு எண்ணையும் ஆளுக்கு ஒரு ரூபாயாகக் கட்டினால் 100 ரூபாய் உள்ளே போகிறது, 80 வெளியே வருகிறது. இருபது போச்சு. இரண்டாம் சுற்றுக்கு 60தான், அதில் நாற்பது போச்சு. இரண்டு சுற்றின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றுக்கு 4,000 ரூபாய். கேட்க எவ்வளவு பெரிதாக இருக்கிறது! ஆனால் இரண்டையும் சேர்த்தால் பத்தாயிரம் சேர்க்கை இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் உள்ளே, நாலாயிரம் வெளியே. இருப்பதிலேயே பெரிய பரிசில்தான் கட்டுகிறவன் கையில் திரும்புவது மிகக் குறைவு.

இன்னொரு கணக்கு, இதை மாமாவுக்காகவே போட்டேன். ஒரே எண்ணை நூறு நாள் விடாமல் கட்டினால் ஒருதரமாவது விழுந்தே தீரும் என்று நினைப்போம். நினைப்பது தப்பு. நூறு நாளும் ஒருமுறைகூட விழாமல் போவதற்கு நூற்றில் 36க்கும் கொஞ்சம் மேலான வாய்ப்பு இருக்கிறது. அதாவது மூன்று பேர் அப்படிக் கட்டினால் ஒருவருக்கு நூறு நாளும் வெறும் நாள். நேற்று விழவில்லை என்பது அம்புக்குத் தெரியாது. இன்றைக்கு உனக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று எந்த எண்ணும் நினைப்பதில்லை.

அங்கேயும் கனவு பார்க்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாகவும் வருத்தமாகவும் இருந்தது. கனவில் வந்த மனிதருக்கு ஒரு எண், மிருகத்துக்கு ஒரு எண், தண்ணீருக்கு ஒரு எண் என்று பேசிக்கொள்கிறார்கள். மாமாவை அங்கே விட்டால் மொழி தெரியாமலே ஒரு வாரத்தில் கூட்டாளி பிடித்திருப்பார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொரு விஷயம். காசி மக்களுக்கு வில் என்பது பிறப்போடு வந்தது. ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது பக்கத்தில் ஒரு வில்லும் மூன்று அம்பும் வைப்பார்கள். அவ்வளவு பெரிய கௌரவம் அந்த அம்புக்கு. தீர் மைதானத்தில் அந்த அம்புக்கு என்ன ஆகிறது? நன்றாக எய்கிறவர், சுமாராக எய்கிறவர், இரண்டு பேருடைய அம்பும் ஒரே குவியலில் ஒன்று என்று எண்ணப்படுகிறது. அன்றைக்கு யார் அதிகம் தைத்தார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இருபது வருடம் பழகின கை கடைசியில் ஒரு எண்ணின் இரண்டு இலக்கத்துக்குள் காணாமல் போகிறது. பந்தயம் கட்டுகிறவன் வில்லாளியின் மேல் கட்டவில்லை. வில்லாளி அவனுக்குக் குலுக்கல் இயந்திரம்.

எங்கள் ஊர் ஏல மையத்தை நினைத்துக்கொண்டேன். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் நாங்கள். தமிழில் காய்க்கும் விற்பனைக்கும் ஒரே சொல். இப்போது எல்லாம் கணினியில் ஸ்பைசஸ் போர்டின் இ-ஏலம்தான், ஆனாலும் மாதிரிக் காயைக் கையில் எடுத்து, நிறம் பார்த்து, அளவு பார்த்து, உடைத்து முகர்ந்த பிறகுதான் வியாபாரி விரல் பட்டனுக்குப் போகும். அதிலும் சூதாட்டம் மாதிரி ஏற்ற இறக்கம் உண்டு. 2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அழிந்த பிறகு, 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அதே காய் 2022இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. உயர்ந்த விலையை நம்பிக் கடன் வாங்கி நிலம் எடுத்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே பணம் போவது அந்தக் காயின் மேல். நல்ல காய்க்கு நல்ல விலை, சுருங்கிப்போன காய்க்குக் குறைந்த விலை. விளைவித்தவன் கை அந்த விலையில் தெரியும்.

திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களையும் நெடுநாள் பிடித்து ஆட்டியிருக்கிறது. குதிரைப் பந்தயத்தைத் தமிழ்நாட்டில் ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது, குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஓட்டுபவர் திறன் இவற்றை அறிந்து கணிக்கலாம் என்று. பல வருடத்துக்குப் பிறகு ஆன்லைன் ரம்மிக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் அந்த வரியைத்தான். தமிழ்நாடு அரசின் 2022 சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஏற்றுக்கொண்டது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று விலக்கியது. 2025 ஆகஸ்ட்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த சட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதே கூடாது என்றது. இதில் தீரை எங்கே வைப்பது? எய்கிறவருக்கு அது முழுக்கத் திறமை. கட்டுகிறவருக்கு முழுக்க அதிர்ஷ்டம். ஒரே அம்பு, இரண்டு பெயர்.

நான் இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். தீர் இத்தனை வருடம் ஊரின் நம்பிக்கையைக் காப்பாற்றி வைத்திருப்பதற்குக் காரணமும் வில்லாளியின் கை இப்படி எண்ணுக்குள் காணாமல் போவதுதான். ஒருவருக்கு எதிராக ஒருவர் எய்யும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சமநிலை வந்தால் ஆளுக்கு ஒரே ஒரு அம்பு, நடுவுக்கு யார் பக்கம் என்று பார்த்து முடிவு. அதன் மேல் பெரிய பணம் ஏறினால் ஒருவரை விலைக்கு வாங்கினால் போதும். ஒரு விரல் கொஞ்சம் தாமதமாக விட்டால் போதும். வெளியே யாருக்கும் தெரியாது. தீரில் யாரை வாங்குவது? எத்தனை அம்பு தைத்தது என்று எய்து முடிக்கும்வரை எவருக்கும் தெரியாது. எய்கிறவர் நினைத்தாலும் 47ஐக் கொண்டுவர முடியாது, 48ஐத் தவிர்க்க முடியாது. அந்தப் பாதுகாப்புக்கு ஊர் கொடுத்த விலைதான் வில்லாளியின் பெயர்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த வில்லாளிகளுக்குச் சங்கம் கூலி தருகிறது. தினமும் பிற்பகலில் வில்லை எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூங்கில் பார்த்து வெட்ட, அம்பு நிமிர்த்த, இறகு ஒட்டத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நம் பக்கம்? கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு ஆடியில் அரசு விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டியும் வைக்கிறது. ஒரே அம்பில் யானை தொடங்கி உடும்பு வரை துளைத்ததாகச் சங்கப் புலவர் பாடிய மன்னன் அவன். விழா முடிந்ததும் வில் பீரோவுக்குப் போய்விடுகிறது. 2025 அக்டோபரில் டெல்லியில் முதல்முறையாக நடந்த வில்வித்தை லீகில் தமிழ்நாட்டின் பெயரில் சோழா சீஃப்ஸ் அணி இறங்கியபோது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து ரூபாய்ப் பந்தயம் ஒரு கலையை வாரம் ஆறு நாள் உயிரோடு வைத்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அதைச் சொல்லாமல் பந்தயத்தை மட்டும் திட்டினால் பொய் சொன்னதாகும்.

ஆனாலும் என் மனம் கட்டுகிறவர் பக்கம்தான் நிற்கிறது. பெட்டிக்கடையில் ஒரு அம்மா, என் அம்மா வயது, முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பத்து ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்து எண் சொன்னார். அந்த முடிச்சை நான் எங்கள் ஜீப் பெண்களிடம் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்த அம்மா நினைத்தால் நடந்து போய் அம்பு எண்ணுவதைத் தன் கண்ணால் பார்க்கலாம். முந்தலில் துண்டுத்தாள் வாங்குகிறவளால் எதையும் பார்க்க முடியாது. இப்போது அதே தீரின் எண்ணை வைத்து, ஷில்லாங்கைப் பார்த்தே இராதவர்களிடம் போனில் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு எந்த எண் வரும் என்று சொல்கிறோம் என்று இணையம் நிறைய விளம்பரம். ஆயிரம் அம்பில் எத்தனை தைக்கும் என்று எய்கிறவருக்கே தெரியாதபோது இவர்களுக்கு எப்படித் தெரியும்? தயவுசெய்து ஒருவரும் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

கடைசி நாள் மைதானத்தில் ஒரு வயசான வில்லாளி, முனை ஒடிந்த அம்பு ஒன்றை என் கையில் கொடுத்தார். எந்த ஊர் என்று சைகையில் கேட்டார். பையிலிருந்து நாலு ஏலக்காயை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, பாக்கோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

ரயிலில் சென்னை, அங்கிருந்து போடி ரயில். வீட்டுக்கு வந்த அன்று மாலை மாமா வந்தார். திண்ணையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "நீ போன அன்னைக்கு என்ன நம்பர் விழுந்துச்சு மாப்ள?" அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மாமா உடனே, "சும்மாத்தான் கேக்குறேன், சும்மாத்தான்" என்றார். நான் எண்ணைச் சொல்லவில்லை. அம்பை எடுத்துக் கொடுத்தேன்.

மாமா சின்ன வயதில் குரங்கணிப் பக்கத் தோட்டத்தில் குரங்கு விரட்டும் பையனாக வேலை பார்த்தவர். உண்டிவில்லால் குறி பார்த்தால் தப்பாது என்று அந்த வயது ஆட்கள் இன்றும் சொல்வார்கள். குரங்கின் மேல் படாமல், அது உட்கார்ந்த கிளையில் மட்டும் அடிப்பாராம். அந்த வித்தைக்குக் கங்காணி தனியாக நாலணா கொடுத்ததை அவரே ஒருமுறை சொன்னார்.

அம்பை வாங்கி, இறகைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நுனிவரை நீட்டிப் பார்த்தார். விரலில் வைத்து மெல்ல உருட்டினார். மறுபடி பார்த்தார்.

"இந்தா, இந்தக் கணுவுக்கிட்ட லேசா வாங்கியிருக்கு பாரு," என்றார். "நெருப்புல காட்டி நிமிர்த்துனா இன்னும் பத்து வருசம் ஓடும். அத்தைக்கிட்ட கொஞ்சம் தணல் கேளு."